பெண் டாக்டர்கள் நிறைய... பெண் டீன்கள் ஏன் குறைவு? மருத்துவக் கல்வியில் 'மென்டர்' செய்யும் வேலை என்ன? - முழு விளக்கம்

எந்த மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும் சரி, முதலாம் ஆண்டு வகுப்பறையை எட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர் மாணவிகள். அதே கல்லூரியின் டீன் அறைக்குப் போய், சுவரில் மாட்டியிருக்கும் 'இதுவரை பதவி வகித்தவர்கள்' போர்டைப் படித்தால் கதை வேறு. பெண் பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இது நம்ம ஊர் நிலவரம் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பெண்கள். ஆனால் தலைமைப் பொறுப்புகளில் இருப்பவர்களில் அவர்கள் பங்கு சுமார் 25 சதவீதம்தான். அமெரிக்காவில் 2019-லேயே மருத்துவ மாணவர்களில் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். அங்கும் டீன் நாற்காலியில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் பெண். இந்தியாவில் மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பை எடுத்தால், மருத்துவ அறிவியல் பிரிவில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் (இதில் நர்சிங்கும் சேரும்). டெல்லி எய்ம்ஸ் தொடங்கியது 1956-ல். அதற்கு ஒரு பெண் இயக்குநர் கிடைத்தது 1984-ல். அவர் கதிரியக்கத் துறை மருத்துவர் ஸ்நேக் பார்கவா.

படிக்க வருகிறார்கள், நல்ல மார்க்கும் எடுக்கிறார்கள். அப்புறம் நடுவில் எங்கே காணாமல் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் அடிக்கடி அடிபடும் ஒரு வார்த்தைதான் 'மென்டரிங்'.

மென்டர்னா யாரு? தீசிஸ் கைடும் மென்டரும் ஒண்ணா?

இல்லை. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைடு உண்டு. துறை ஒதுக்கிக் கொடுப்பார்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. மூன்று வருடம் முடிந்ததும் அந்த உறவும் முடிந்துவிடலாம், அதில் தப்பும் இல்லை.

மென்டர் என்பவர் ஒரு பேப்பரோடு நிற்பவர் இல்லை. 'எந்தத் துறை உனக்குச் சரிவரும்', 'இந்த வேலையை ஏத்துக்காதே, ஒரு வருஷம் வீணாகும்', 'அந்தக் கான்பரன்ஸுக்கு அனுப்பு, அங்கேதான் இந்த ஆய்வு பேசப்படும்' என்று ஒருவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் மனதில் வைத்து வழி சொல்பவர். தமிழில் 'வழிகாட்டி' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கைடுக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதால், கல்லூரிகளில் எல்லாரும் மென்டர் என்றே சொல்கிறார்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் இப்போது ஒரு ஆசிரியருக்கு இத்தனை மாணவர்கள் என்று பிரித்து 'மென்டர்-மென்டீ' திட்டமும் நடக்கிறது. பட்டியல் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுவது தனிக் கதை.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு: ஸ்பான்சர். மென்டர் உங்களிடம் பேசுவார். ஸ்பான்சர் உங்களைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவார். தேர்வுக் குழு உட்கார்ந்திருக்கும் அறையில், நீங்கள் இல்லாத நேரத்தில், 'அந்தப் பொண்ணைப் போடலாமே' என்று சொல்லும் ஆள். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அது எவ்வளவு பெரிசு என்று புரிய சென்னையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

1986, சென்னை: ஒரு பேராசிரியர், ஒரு மாணவி, ஒரு ஃப்ரிட்ஜ்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். கண்டுபிடித்தது இரண்டு பெண்கள். ஒருவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். இன்னொருவர் அவரிடம் படித்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. அப்போது நிர்மலாவுக்கு வயது 32.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த நிர்மலாவிடம், 'எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று பார்' என்றார் சுனிதி. அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றாலே 'அது மேல்நாட்டு வியாதி, நம்ம கலாசாரத்துல வராது' என்பதுதான் பேச்சு. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. சிறிய ஊரில், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்த நிர்மலாவுக்குத் தயக்கம். பாலியல் தொழிலாளர்களைத் தேடிப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். அவர்களை எங்கே பார்ப்பது என்றே தெரியாது. சென்னையில் அதற்கென்று தனித் தெருவும் கிடையாது. சுனிதி விடவில்லை. நிர்மலாவின் கணவர் வீரப்பன் ராமமூர்த்தியும் 'செய்' என்றார்.

மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் விசாரித்து, கடைசியில் பிடிபட்ட பெண்களை அடைத்து வைத்திருந்த அரசுக் காப்பகத்துக்குப் போனார் நிர்மலா. கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்பு உபகரணம் கிடையாது. எடுத்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்க சுனிதி கல்லூரியிலேயே கையில் இருந்ததை வைத்து ஒரு சிறிய லேப் அமைத்துக் கொடுத்தார். சேமித்து வைக்க இடம்? நிர்மலா வீட்டு ஃப்ரிட்ஜ்.

இலக்கு 200 மாதிரிகள். சில மாதங்களில் 80-க்கு மேல் சேர்ந்தன. சென்னையில் எலிசா பரிசோதனை வசதி இல்லை. அதனால் வேலூர் சி.எம்.சி.யில் வைராலஜி பேராசிரியர் ஜேக்கப் ஜானிடம் பேசி ஏற்பாடு செய்தார் சுனிதி. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ராத்திரி ரயிலில் காட்பாடிக்கு மாதிரிகளோடு போனார்கள். அங்கே செய்த சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. யாரும் எதிர்பார்க்கவில்லை. திரும்பவும் அதே ஆறு பேரிடம் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். மே மாதம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹண்டே அறிவித்தார்.

இதில் சுனிதி செய்த வேலைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மற்றவர்கள் கைவைக்கத் தயங்கிய தலைப்பைத் துணிந்து கொடுத்தார். தயங்கிய மாணவியைத் தள்ளினார். இல்லாத லேபை உருவாக்கினார். தன் அறிமுகத்தைப் பயன்படுத்தி இன்னொரு ஊரில் கதவைத் திறந்து வைத்தார். பாடம் நடத்துவதோ ஆய்வேட்டைத் திருத்துவதோ இந்தப் பட்டியலிலேயே வரவில்லை. மென்டரிங் என்பதற்குப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக வரையறை எழுதுகின்றன. இந்த நான்கு வரி போதும் என்று தோன்றுகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. யாருடைய ரத்தத்தில் அந்த வரலாறு எழுதப்பட்டதோ, அந்தப் பெண்களுக்கு எதற்காகச் சோதனை என்று சொல்லப்படவில்லை. இன்று நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் படிவமும் இல்லாமல் அப்படி ஒரு ஆய்வை யாரும் தொடங்க முடியாது. இன்றைக்கு ஒரு மென்டர் சொல்லித்தரும் முதல் பாடங்களில் அதுவும் ஒன்று.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கி, கடைசி வரை எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே வேலை செய்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நிர்மலா? 1987-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தேர்வு எழுதினார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி உற்பத்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 2010-ல் ஓய்வு பெற்றார். அவர் பெயரைப் பொதுமக்கள் பரவலாகக் கேள்விப்பட்டதே 2016-ல், கண்டுபிடிப்பு நடந்து 30 வருடம் கழித்து ஊடகங்கள் அவரைத் தேடிப் போனபோதுதான்.

இதற்கு ஒரு ஆளைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. நிர்மலா பார்த்தது மதிப்பான அரசு வேலை. ஆனால் நாட்டையே உலுக்கிய ஒரு கண்டுபிடிப்பைச் செய்த இளம் ஆய்வாளருக்கு, அதே ஆய்வைத் தொடர ஒரு பணியிடம், ஒரு நிதி, ஒரு வெளிநாட்டுப் பயிற்சி என்று அடுத்த படி எதையும் அன்றைய அமைப்பு தயாராக வைத்திருக்கவில்லை. ஒரு நல்ல மென்டர் ஒரு கண்டுபிடிப்பு வரை கொண்டுபோய் விடலாம். அதற்கு மேல் போக, கையைப் பிடித்து மேலே இழுக்க ஒரு அமைப்பு வேண்டும். மென்டருக்கும் ஸ்பான்சருக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

வயசுக் கணக்கு எங்கே இடிக்குது?

ஒரு மாணவி 18 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். முதல் முயற்சியிலேயே பி.ஜி. சீட் கிடைத்தாலும் இன்னும் மூன்று வருடம். சீனியர் ரெசிடென்ட்டாக ஒரு வருடம். அசிஸ்டென்ட் புரொபசராக உள்ளே வரும்போது 27, 28 வயது ஆகிவிடும். இடையில் நீட் பி.ஜி.க்காக ஒன்றிரண்டு வருடம் உட்கார்ந்தால் 30.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகளின்படி, அங்கிருந்து அசோசியேட் புரொபசர் ஆக நான்கு வருட அனுபவமும், குறைந்தது இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் தேவைப்பட்டன. புரொபசர் ஆக மேலும் மூன்று வருடம், மொத்தம் நான்கு கட்டுரைகள். சும்மா பெயர் இருந்தால் போதவில்லை. முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ, தொடர்புக்குரிய ஆசிரியராகவோ இருக்க வேண்டியிருந்தது. அதாவது 28-லிருந்து 37 வரை, ஆராய்ச்சிக்கு ஓடியே ஆக வேண்டிய வயது.

அதே பத்து வருடத்தில்தான் கல்யாணம், குழந்தை, மாமனார் மாமியார் உடம்பு, வாடகை வீடு எல்லாம். ஆணுக்கும் கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. அவர் பப்ளிகேஷனில் அந்த வருடம் பள்ளம் விழுவதில்லை.

'லீவுதான் கொடுக்கிறாங்களே' என்று கேட்கலாம். உண்மைதான். 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த 12 மாதத்தில் பாதியில் நிற்கும் ஆய்வை யார் பார்த்துக்கொள்வது, சேகரித்த தரவு யார் கம்ப்யூட்டரில் இருக்கும், திரும்பி வரும்போது பேப்பரில் பெயர் எத்தனையாவது இடத்துக்கு நகர்ந்திருக்கும் என்பதையெல்லாம் சட்டம் சொல்லாது. 'நீ போயிட்டு வா, இது உன் புராஜெக்ட்தான், ஜூனியரை வெச்சு ஓட்டிக்கலாம்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான பெண் மருத்துவர்களுக்கு மென்டர் தேவைப்படும் நேரம் துல்லியமாக இதுதான்.

பி.ஜி. படிக்கும்போதே கர்ப்பமானால் நிலைமை இன்னும் சிக்கல். 80 சதவீத வருகைப் பதிவு கட்டாயம் என்பதால் படிப்பு முடியும் தேதி தள்ளிப்போகலாம். இந்த விதிகளை முன்கூட்டியே படித்து வைத்திருக்கும் சீனியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், 'பயப்படாதே, இத்தனை மாசம்தான் நீளும், தேர்வு இந்தப் பருவத்துக்குப் போகும்' என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவார். கேட்க ஆள் இல்லாதவர் இதே விஷயத்தை ஹாஸ்டல் வதந்தியில் தெரிந்துகொள்கிறார்.

'சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாங்க?'

வார்டில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு நிற்கும் பெண் மருத்துவரைப் பார்த்து நோயாளியின் உறவினர் இப்படிக் கேட்பது, அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன ஜோக். நர்ஸ் வேலை குறைந்தது என்பதல்ல பிரச்சினை. பெண் என்றால் டாக்டராக இருக்க மாட்டார் என்ற எண்ணம்தான்.

படித்தவர்கள் மட்டும் சளைத்தவர்களா? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவக் கருத்தரங்குகளின் வீடியோக்களை வைத்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஆண் மருத்துவர் இன்னொரு ஆணை மேடையில் அறிமுகப்படுத்தும்போது 72 சதவீத நேரம் 'டாக்டர்' பட்டத்தைச் சொன்னார். அதே ஆண், ஒரு பெண் மருத்துவரை அறிமுகப்படுத்தும்போது சொன்னது 49 சதவீத நேரம்தான். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல முடியாது. வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

பணம் என்று வரும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கனடாவில் சுகாதார ஆராய்ச்சி நிதிக்கு வந்த சுமார் 24 ஆயிரம் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2019-ல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 'ஆய்வுத் திட்டம் நல்லதா' என்று பார்த்த பிரிவில் ஆண்-பெண் வெற்றி வித்தியாசம் ஒரு சதவீதப் புள்ளிக்கும் கீழே. 'ஆய்வாளர் எப்படிப்பட்டவர்' என்று பார்த்த பிரிவில் அந்த வித்தியாசம் 4 சதவீதப் புள்ளி. பெண்கள் எழுதிக்கொடுத்த அறிவியலில் குறை இல்லை, மதிப்பிட்டவர்களின் கண்ணில்தான் குறை.

மென்டரிங் பற்றியே நேரடியாகப் பேசும் ஆய்வும் உண்டு. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. மருத்துவ மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கும், சில துறைகளில் ஆசிரியர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவும்தான் மென்டர் இருந்தார் என்றது அது. மென்டர் கிடைப்பது பெண்களுக்கு இன்னும் கஷ்டம் என்பதும் அதில் பதிவானது. அதே கட்டுரை, இந்தத் துறையில் ஆய்வுகளின் தரம் போதாது என்றும் சொன்னது. எனவே 'மென்டர் இருந்தால் கண்டிப்பாக புரொபசர்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

மென்டர் பெண்ணாத்தான் இருக்கணுமா?

அவசியம் இல்லை. வரலாறும் அப்படிச் சொல்லவில்லை.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1875-ல் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பின்னால் நின்றவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப், லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி வந்து பெண்களுக்காக ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. சென்னைக்காரர்களுக்கு கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே புரியும்.

டாக்டர் வி.சாந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணி கையில் கிடைத்த நேரத்தில், அதை விட்டுவிட்டு 1955-ல் அடையாறு புற்றுநோய் மையத்துக்கு வந்தார். 12 படுக்கைகள் கொண்ட சின்ன இடம் அது. தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. வேலையைச் சொல்லிக்கொடுத்து உடன் நின்றவர் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. 1907-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்த ஒரு பெண், அவருக்குப் பின் 2021 வரை அதே வளாகத்தில் வாழ்ந்த இன்னொரு பெண், நடுவில் ஒரு ஆண் அறுவை சிகிச்சை நிபுணர். மென்டரிங் சங்கிலி இப்படித்தான் போகிறது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரே ஒரு பெண்தான், மருந்தியல் பேராசிரியர் லலிதா காமேஸ்வரன். பிறகு கீதாலட்சுமி, சுதா சேஷய்யன் என்று பெண்கள் வந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் ககன்தீப் காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். சௌமியா சுவாமிநாதன் ஐ.சி.எம்.ஆர். தலைமையிலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி பதவி வரை போனார். கண்ணுக்கு முன்னால் இப்படி ஒருவர் இருப்பது ஒரு பலம். ஆனால் மேலே இருக்கும் நான்கு பெண்களே கீழே இருக்கும் நானூறு பேருக்கும் மென்டராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், அவர்கள் ஆய்வு செய்ய நேரம் எங்கே? இந்தச் சுமையை ஆண் பேராசிரியர்களும் பகிர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

பகிர்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பொண்ணுங்களைத் தனியா கூப்பிட்டுப் பேசினா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க' என்று ஒதுங்கும் ஆண் ஆசிரியர்கள் உண்டு. அதே ஆசிரியர் மாணவனோடு டீக்கடையில் நின்று பேசுவார். அந்த டீக்கடைப் பேச்சில்தான் அடுத்த புராஜெக்ட்டே முடிவாகும். மாணவி அங்கே இல்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் ஒதுக்குவதும் இதே வகைதான். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பெண் மருத்துவர்களுக்கு இரவுப் பணியை முடிந்தவரை தவிர்க்கலாம் என்று மேற்கு வங்க அரசு சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை, பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது என்றது. இரவுப் பணியில்தான் அவசர கேஸ்கள் வரும். அவசர கேஸ்களில்தான் கை பழகும்.

மத்த நாடுகள்ல என்ன பண்றாங்க?

அமெரிக்காவில் 1995 முதல் 'எலாம்' என்ற தலைமைப் பயிற்சித் திட்டம் நடக்கிறது. மருத்துவ, பல் மருத்துவ, பொது சுகாதாரக் கல்லூரிகளில் ஏற்கனவே மூத்த நிலையில் இருக்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பட்ஜெட் படிப்பது, துறையை நடத்துவது, பேரம் பேசுவது எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். இது நடப்பது பிலடெல்பியாவின் ட்ரெக்ஸெல் மருத்துவக் கல்லூரியில். அந்தக் கல்லூரியின் வேர், 1850-ல் தொடங்கிய பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. ஆம், 1886-ல் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் வாங்கிய அதே இடம். கடல் கடந்து தனியாக வந்த அந்த மராத்திப் பெண்ணை அக்கறையோடு பார்த்துக்கொண்டவர் அன்றைய டீன் ரேச்சல் பாட்லி.

பிரிட்டனில் கொஞ்சம் கறாரான வழி. பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் கல்வி நிறுவனங்களுக்கு 2005 முதல் 'அதீனா ஸ்வான்' என்ற சான்றிதழ் தருகிறார்கள். 2011-ல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ், வெள்ளிப் பதக்க நிலைச் சான்று இல்லாத மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறிப்பிட்ட பெரிய ஆராய்ச்சி நிதி கிடைக்காது என்று அறிவித்தார். அதுவரை சோம்பிக் கிடந்த கமிட்டிகள் எல்லாம் வேகம் எடுத்தன. 2020-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இந்தியாவும் இதைப் பார்த்து 2020-ல் 'கதி' என்ற திட்டத்தைச் சோதனை முறையில் அறிவித்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம் அது. இங்கே நிதியோடு முடிச்சுப் போடவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

மென்டரிங் தப்பா போகும் இடம்

மென்டர் என்றாலே நல்லவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாணவி டேட்டா எடுப்பார், இரவெல்லாம் எழுதுவார், பேப்பர் வரும்போது முதல் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும். 'நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னும் காலம் இருக்கு' என்பார்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்குத் தெளிவாக நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவர் என்பது ஐந்தாவது நிபந்தனை இல்லை.

அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பாலியல் சீண்டல் வரை போனால், 2013 சட்டப்படி பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் மேலும் மூன்று மாதம் வரை குழு அவகாசம் தரலாம். புகார் கொடுத்தால் ஆய்வேட்டில் கையெழுத்து வராதோ என்ற பயம்தான் பலரை நிறுத்துகிறது. ஒரே ஆளைக் கைடாகவும் மென்டராகவும் நம்பி இருப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

சரி, மென்டரை எப்படிப் பிடிக்கிறது?

முதலில், ஒருவரே எல்லாமும் ஆக முடியாது. ஆய்வு முறைக்கு ஒருவர், புள்ளியியலுக்கு ஒருவர், குழந்தை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார் என்று கேட்க ஒரு சீனியர் அக்கா, பதவி உயர்வு விதிகளுக்கு ஒருவர் என்று மூன்று நான்கு பேராக வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது. உங்கள் கல்லூரிக்கு வெளியே ஒருவராவது இருக்க வேண்டும். உள்ளே சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

'எனக்கு மென்டரா இருக்கீங்களா மேடம்?' என்று கேட்டால் எந்தப் பேராசிரியரும் மிரண்டுதான் போவார். அதற்குப் பதில் சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். 'என் ஆய்வுத் திட்டம் ரெண்டு பக்கம் இருக்கு. மாதிரி எண்ணிக்கை சரியான்னு பார்த்துச் சொல்ல இருபது நிமிஷம் கிடைக்குமா?' இதற்கு 'இல்லை' என்று சொல்பவர்கள் குறைவு. அவர் சொன்னதைச் செய்துவிட்டு, அடுத்த வாரம் 'மாத்திட்டேன் மேடம்' என்று அனுப்புங்கள். உறவு அங்கேதான் தொடங்கும்.

டேட்டா எடுக்கத் தொடங்கும் முன்பே ஆசிரியர் வரிசை பற்றிப் பேசி, ஒரு இமெயிலில் போட்டு வைப்பது நல்லது. கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். பேப்பர் அச்சான பிறகு கேட்பது அதைவிடக் கூச்சம்.

அடிப்படையே தெரியாமல் போய் நிற்க வேண்டாம் என்றால், 'பேசிக் கோர்ஸ் இன் பயோமெடிக்கல் ரிசர்ச்' என்ற ஆன்லைன் படிப்பு இருக்கிறது. நடத்துவது சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். பி.ஜி. மாணவர்களுக்கும் பதவி உயர்வுக்கும் இது எப்படியும் தேவைப்படும் என்பதால் முதல் வருடத்திலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

நர்சிங், பிசியோதெரபி, பொது சுகாதாரம் படித்தவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். நர்சிங்கில் பட்டப்படிப்பை வேலூர் சி.எம்.சி. 1946-லேயே தொடங்கிவிட்டது. இருந்தாலும் மருத்துவமனை ஆய்வுகளில் நர்ஸ் என்றால் இன்னமும் டேட்டா எடுத்துக் கொடுப்பவராகத்தான் பலர் பார்க்கிறார்கள். அவர்கள் மென்டர் தேடும்போது, சொந்தமாக ஆய்வு நடத்திய நர்சிங் பேராசிரியரை முதலில் தேடுவது நல்லது.

குழந்தை, குடும்பம் என்று இடைவெளி விட்டவர்களுக்கு மத்திய அரசில் இரண்டு கதவுகள் உண்டு. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'வைஸ்-கிரண்' திட்டம் ஒன்று. உயிரித் தொழில்நுட்பத் துறை 2011-ல் தொடங்கிய 'பயோகேர்' இன்னொன்று. வயது வரம்பும் நிபந்தனைகளும் ஒவ்வொரு அறிவிப்பிலும் மாறலாம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் கடைசியாக வந்த அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கு ஆய்வு நடத்தப்போகும் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் தேவைப்படும். அதில் கையெழுத்துப் போடச் சம்மதிக்கும் பேராசிரியரை அறிவிப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.